ஆப்பிரிக்க நாடுகளின் பொதுக்குரல்: லுசாக்கா முதல் ஹராரே வரை

1989-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14-ஆம் நாள், ஐக்கிய நாடுகள் சபையின் பொதுப்பேரவை தென்னாப்பிரிக்காவின் இன ஒதுக்கல் கொள்கையைப் பற்றிய சிறப்பறிக்கை ஒன்றை வாக்கெடுப்பின்றி ஏற்றுக்கொண்டது. அக்கொள்கையைக் கண்டித்து அப்பேரவை அதற்கு முன்னரும் எத்தனையோ தீர்மானங்களை நிறைவேற்றியிருந்தது. அவை பெரும்பான்மை வாக்குகளால் வென்றன. ஆயின் வணிகமும் முதலீடும் எவர் கையில் இருந்தனவோ அவ்வரசுகள் எதிர்த்தோ ஒதுங்கியோ நின்றமையால், அவை நடைமுறையில் வலுவிழந்தன. இம்முறை அமெரிக்காவோ பிரிட்டனோ வாக்கெடுப்புக் கோரவில்லை. அன்றிலிருந்து ஐம்பதாம் நாள், 1990 பிப்ரவரி 2-இல், தென்னாப்பிரிக்க அதிபர் டி கிளர்க் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் உள்ளிட்ட இயக்கங்களின் மீதிருந்த தடையை நீக்கினார். அடுத்த ஒன்பது நாட்களில் நெல்சன் மண்டேலா சிறையினின்று வெளிவந்தார்.

ஐ.நா. அறிக்கை ஒன்றே இதனைச் செய்தது என்று கூறினால் அது வரலாறு ஆகாது. நகர்ப்புறச் சேரிகளில் 1984 முதல் அடங்காது எரிந்த மக்கள் கிளர்ச்சி, 1985-இல் அந்நியக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது அவ்வரசு திகைத்த நிலை, பொருளாதாரத் தடைகள், வல்லரசுகளின் பனிப்போர் தணிந்தமை ஆகிய அனைத்தும் சேர்ந்தே அந்நாளைக் கொணர்ந்தன. எனினும் அவ்வறிக்கையின் வாசகம் எங்ஙனம் பிறந்தது, எவ்வழியாக நியூயார்க்கைச் சென்றடைந்தது என்பதை ஆராய்வது பயனுடையது. லுசாக்காவில் எழுதப்பட்டு, ஹராரேயில் ஆப்பிரிக்க நாடுகளின் வாசகமாகி, பெல்கிரேடில் அணிசேரா நாடுகளின் ஒப்புதல் பெற்று, அதன் பின்னரே அது நியூயார்க் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு வாசகமும் இதே போன்று லுசாக்காவில் தொடங்கி, அடிஸ் அபாபா வழியாக நியூயார்க் சென்றதுண்டு. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குங்கால், நாடுகளின் கூட்டமொன்று ஒரே குரலில் பேசுவதாகச் சொல்லும்போது அக்குரல் உண்மையில் யாருடையது என்னும் வினா எழுகின்றது.

எண்ணிக்கை வளர்ந்த வரலாறு

1945-இல் ஐ.நா. சபை தோன்றியபோது ஆப்பிரிக்காவிலிருந்து உறுப்பினராயிருந்த நாடுகள் நான்கே: எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தென்னாப்பிரிக்கா. ஆகவே தென்னாப்பிரிக்காவின் மீதான முதல் முறையீடு ஆப்பிரிக்காவிலிருந்து எழவில்லை, இந்தியாவிலிருந்து எழுந்தது. 1946-இல், இந்தியா முழு விடுதலை பெறுமுன்னரே, தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் நடத்தப்படும் முறையைப் பொதுப்பேரவையின்முன் வைத்தது. விஜயலட்சுமி பண்டிட் நம் தூதுக்குழுவின் தலைவராய் நின்று வாதாடினார். சென்னைத் துறைமுகத்திலிருந்து 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிய தமிழரின் வழித்தோன்றல்கள் அம்மக்களுள் பெருந்தொகையினர் என்பதை நம் வாசகர் அறிவர். ‘இஃது எம் உள்நாட்டு விவகாரம், சபைக்கு இதில் தலையிட உரிமையில்லை’ என்பதே தென்னாப்பிரிக்காவின் மறுமொழியாயிருந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கும் அதே மறுமொழிதான்.

1958 ஏப்ரலில் கானாவின் தலைநகராகிய ஆக்ராவில், அன்று விடுதலை பெற்றிருந்த எட்டு ஆப்பிரிக்க நாடுகள் கூடின. அம்மாநாட்டின் பயனாக, நியூயார்க்கிலிருந்த அவற்றின் தூதுவர்கள் அடிக்கடி கூடிக் கலந்து பேசும் வழக்கம் உருவாயிற்று, ஐ.நா.வின் ‘ஆப்பிரிக்கக் குழு’ என்பதன் தொடக்கம் அதுவே. 1960-இல் மட்டும் பதினாறு ஆப்பிரிக்க நாடுகள் சபையில் சேர்ந்தன. அவ்வாண்டு மார்ச்சில் ஷார்ப்வில்லில் காவல்துறை சுட்டதில் 69 பேர் மடிந்தபோது, ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் இருபத்தொன்பது ஒன்றுசேர்ந்து பாதுகாப்பு மன்றத்தைக் கூட்டுவித்தன. 1963 மே 25-இல் அடிஸ் அபாபாவில் முப்பத்திரண்டு நாடுகள் கையொப்பமிட, ஆப்பிரிக்க ஒற்றுமை நிறுவனம் பிறந்தது.

இக்குழு பேசும் முறையைச் சுருங்கச் சொல்லலாம். குழுவின் தலைமை மாதந்தோறும் ஒரு நாட்டிலிருந்து மற்றொன்றிற்குச் சுழலும். அம்மாதத்துத் தலைவராயுள்ள தூதுவர், ‘ஆப்பிரிக்கக் குழுவின் சார்பில்’ என்று தொடங்கிப் பேசுவார். அவர் பேசும் சொற்களை அவரே புனைவதில்லை. ஒற்றுமை நிறுவனத்தின் அமைச்சர் மன்றமோ அரசுத் தலைவர்களின் மாநாடோ முன்னரே ஏற்ற வாசகமே அவருடைய வரம்பு. இதில் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. சின்னஞ்சிறு நாட்டின் தூதுவருங்கூட ஒரு கண்டத்தின் எடையோடு பேச இயலும். ஆயின் அனைவரும் ஒப்புவதை மட்டுமே பேச முடியும் என்பதால், கருத்து பிளவுபட்ட இடத்தில் குழு ஊமையாகிவிடும். 1976 ஜனவரியில் அங்கோலாவின் ஆட்சி யாருடையது என முடிவு செய்யக் கூடிய சிறப்பு மாநாட்டில் ஒரு சாராருக்கு 22, மறு சாராருக்கு 22 என நாடுகள் பிரிந்தன, முடிவின்றிக் கலைந்தன. ஒரு கண்டமே வாயடைத்து நின்ற அந்நாட்களில், அந்நாட்டின் கதியைப் பிறர் படைகள் தீர்மானித்துக்கொண்டிருந்தன.

இன ஒதுக்கல் ஒன்றில்தான் எல்லாரும் ஒன்றென்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். அதுவும் உண்மையன்று.

லுசாக்கா, 1969

1969 ஏப்ரல் 14 முதல் 16 வரை கிழக்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகளின் ஐந்தாம் உச்சி மாநாடு ஜாம்பியாவின் தலைநகராகிய லுசாக்காவில் கூடியது. வந்திருந்த நாடுகள் பதினான்கு. மாநாட்டின் முடிவில் வெளியிடப்பட்ட அறிக்கையில் கையொப்பமிட்டவை பதின்மூன்று. மலாவி மறுத்துவிட்டது. அதன் தலைவர் ஹேஸ்டிங்ஸ் பண்டா 1967-இலேயே பிரிட்டோரியாவுடன் தூதரக உறவு கொண்டிருந்தார்.

இவ்வறிக்கையை உருவாக்கியதில் தான்சானியாவின் ஜூலியஸ் நியரேரேயும் ஜாம்பியாவின் கென்னத் காவுண்டாவும் பெரும்பங்கு ஏற்றனர். முன்னவர் கத்தோலிக்கர், பின்னவர், ஸ்காத்லாந்துத் திருச்சபையின் பணியாளராக லுப்வாவில் உழைத்த ஆப்பிரிக்க ஊழியர் ஒருவரின் மகன். அரசியல் அறிக்கைகளில் அரிதாகக் காணப்படும் தன்னடக்கம் இதில் காணப்படுவதற்கு அவர்களின் வளர்ப்பும் ஒரு காரணமோ என்று எண்ணத் தோன்றுகிறது. கையொப்பமிட்ட நாடுகள் தத்தம் குறைகளை மறைக்கவில்லை; தங்கள் நாட்டுச் சமூக ஒழுங்கு நிறைவுபெற்றதெனத் தாங்கள் கூறவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டன. தென்னாப்பிரிக்க வெள்ளையரை அந்நியர் என்று தள்ளவில்லை. நிறம் எதுவாயினும் அந்நாட்டைத் தாயகமாகக் கொண்டோர் யாவரும் அந்நாட்டவரே என்றன. அழிப்பதினும் பேசித் தீர்ப்பதையே விரும்புவதாகவும், அமைதி வழி திறக்குமாயின் விடுதலை இயக்கத்தாரை அவ்வழியே செல்லத் தூண்டுவதாகவும் கூறின. அவ்வழி அடைபட்டிருக்கும்வரை அவர்களுக்கு உதவுவதைத் தவிர வேறு நெறியில்லை என்றும் அறிவித்தன.

இத்தகைய நிதானம் பலன் தந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அடிஸ் அபாபாவில் ஒற்றுமை நிறுவனத்தின் அரசுத் தலைவர்கள் இவ்வறிக்கையை ஏற்றனர். பதின்மூன்று நாடுகளின் கருத்து அன்றே கண்டத்தின் கருத்தாயிற்று. ஐ.நா. பொதுப்பேரவையில் அதனை எடுத்துரைத்தவர் நியரேரேயும் அல்லர், காவுண்டாவும் அல்லர். அப்போது நிறுவனத்தின் தலைவராயிருந்த கேமரூன் அதிபர் அகிஜோ. லுசாக்காவில் கையொப்பமிட்ட பதின்மூன்றில் அவருடைய நாடு இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நவம்பர் 20-ஆம் நாள் பேரவை இவ்வறிக்கையை வரவேற்றுத் தீர்மானம் இயற்றியது. ஆதரித்த நாடுகள் 113. எதிர்த்தவை தென்னாப்பிரிக்காவும் போர்ச்சுகலுமே.

இங்கு ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் தகாது. தென்னாப்பிரிக்க மக்களைப் பற்றிய இவ்வறிக்கை அம்மக்களின் இயக்கங்களைக் கலந்து எழுதப்படவில்லை. லுசாக்கா மாநாடு முடிந்து பத்து நாட்களுக்குள் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தான்சானியாவின் மொரகோரோவில் தன் ஆலோசனை மாநாட்டைக் கூட்டியது. ஆயுதப் போராட்டத்தின் எதிர்காலத்தை அவர்கள் விவாதித்துக்கொண்டிருந்த வேளையில், அவர்களுக்கு இடமளித்திருந்த அரசுகளோ, பேச்சு வார்த்தையே தம் விருப்பமென உலகிற்கு அறிவித்திருந்தன. மேலும் மொசாம்பிக், அங்கோலா, ரொடீசியா போன்ற நாடுகளினின்று தென்னாப்பிரிக்காவை வேறுபடுத்தி, அதனைச் சுதந்திரமான, இறைமையுள்ள நாடென்றும் ஐ.நா. உறுப்பினரென்றும் அறிக்கை குறிப்பிட்டிருந்தது. சட்ட நோக்கில் அது சரியே. தம் மண்ணில் வாக்குரிமையற்றிருந்தோர்க்கு அச்சொற்கள் எப்படி ஒலித்திருக்கும்? காங்கிரஸ் தலைவர்கள் அறிக்கையைப் புறத்தே கடுமையாகத் தாக்கவில்லை. விருந்தாளியின் நிலை அது. ஆனால் அவர்களின் மனக்குறை ஆழமானது.

நல்லெண்ணத்தோடு பிறர்க்காகப் பேசுவோர் பலரும் விழும் குழி இது. திருச்சபைகளும் இதற்கு விலக்கன்று. அதே 1969-ஆம் ஆண்டில் உலகத் திருச்சபைகள் மன்றம் இனவெறி எதிர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு விடுதலை இயக்கங்களின் மனிதநேயப் பணிகளுக்கு நிதி வழங்கியபோது, அந்நிதி செலவாகும் முறையைத் தான் மேற்பார்வையிடுவதில்லை என்று அறிவித்தது. மேலைநாட்டுச் சபைகளுள் பல இதற்காகவே மன்றத்தைக் கடிந்தன. பின்னாளில் சில வெளியேறவும் செய்தன. துன்புறுவோர்க்கு எது வேண்டுமென்பதைத் துன்புறுவோரே முடிவு செய்யட்டும் என்னும் எளிய கொள்கை அவ்வளவு பெரிய இடறலாயிருந்தது!

அறிக்கையைச் சோதித்த ஆண்டுகள்

அறிக்கையின் மை காயுமுன் அதற்குச் சோதனை வந்தது. பேசித் தீர்ப்போம் என்று நீங்களே கூறினீரே, வாருங்கள் பேசுவோம் என்ற தோரணையில் பிரதமர் ஃபோர்ஸ்டர் ஆப்பிரிக்க நாடுகளுக்குத் தூது விட்டார். ஐவரி கோஸ்ட்டின் ஊஃபுவே பொய்னி 1970 நவம்பரில் பிரிட்டோரியாவோடு உரையாடல் வேண்டுமென்றார். கானாவின் பிரதமர் புசியாவும் அக்கருத்தினரே. லுசாக்கா அறிக்கை கேட்ட உரையாடல், ஒடுக்கும் அரசு தன் சொந்த மக்களோடு நடத்தவேண்டிய உரையாடல். ஃபோர்ஸ்டர் நாடியதோ அம்மக்களைத் தாண்டி அண்டை அரசுகளோடு கொள்ளும் நட்பு. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியே 1971 ஜூனில் அடிஸ் அபாபா மாநாடு உரையாடல் யோசனையைத் தள்ளியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பண்டா தென்னாப்பிரிக்கா சென்று விருந்துண்டு திரும்பினார். அக்டோபரில் மொகதிஷுவில் கூடிய கிழக்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள், ஆயுதப் போராட்டம் தவிர வேறு வழியில்லை என்று கடுமையான அறிக்கை விடுத்தன.

நியூயார்க்கிலும் குரல் கடுமையாயிற்று. 1974 அக்டோபர் 30-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவை ஐ.நா.வினின்று நீக்கவேண்டும் என்னும் தீர்மானம் பாதுகாப்பு மன்றத்தில் பத்து வாக்குகள் பெற்றும், அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய மூன்றும் வீட்டோ என்னும் தடைவாக்கை ஒருசேர இட்டமையால் வீழ்ந்தது. உடனே ஆப்பிரிக்கக் குழு வேறு வாயிலை நாடியது. நவம்பர் 12-இல், தென்னாப்பிரிக்கத் தூதுக்குழுவின் நியமனச் சான்று ஏற்கப்படாமையால் அக்குழு அமர்வில் பங்குகொள்ள இயலாதென்று பேரவைத் தலைவர், அல்ஜீரியாவின் பூத்திஃபிளிக்கா, தீர்ப்பளித்தார். பேரவை அதனை உறுதிசெய்தது. உறுப்பினர் பட்டியலில் பெயர் இருந்தது, இருக்கை வெறுமையாயிருந்தது. 1977-இல் ஸ்டீவ் பிக்கோ காவலில் மாண்டபின் மீண்டும் தடைவாக்குகள் விழுந்தன. ஆயினும் அவ்வாண்டு நவம்பர் 4-இல் தென்னாப்பிரிக்காவிற்குப் படைக்கலம் விற்பதைத் தடைசெய்யும் கட்டாயத் தீர்மானத்தை மன்றம் ஒருமனதாக ஏற்றது.

குரலின் விலை

மொத்த ஆப்பிரிக்காவின் பெயரால் பேசுவது ஒன்று. அப்பேச்சின் பின்விளைவைத் தன் வீட்டு வாயிலில் ஏற்பது வேறொன்று. இப்பின்விளைவை ஏற்றவை ‘போர்முனை நாடுகள்’ என்று பெயர் பெற்ற சிறு கூட்டத்தினவே. 1974 அளவில் தான்சானியா, ஜாம்பியா, போட்ஸ்வானா ஆகிய மூன்றோடு இக்கூட்டம் உருவாயிற்று. மொசாம்பிக்கும் அங்கோலாவும் விடுதலை பெற்றபின் இணைந்தன; 1980-இல் ஜிம்பாப்வே சேர்ந்தது. இதற்குச் சாசனம் கிடையாது, செயலகமும் கிடையாது. தலைவர்கள் தேவைப்பட்டபோது கூடினர். 1985 வரை நியரேரேயும் அதன் பின் காவுண்டாவும் தலைமை ஏற்றனர். தென்னாப்பிரிக்கப் பிரச்சினைகளில் இவர்கள் முதலில் ஒப்புவதையே ஒற்றுமை நிறுவனம் ஏற்பது வழக்கமாயிற்று. ரொடீசியாவைப் பற்றியும் நமீபியாவைப் பற்றியும் மேலை அரசுகள் பேச விரும்பியபோது, தேடி வந்ததும் இவர்களையே.

போட்ஸ்வானாவை எண்ணிப் பாருங்கள். 1966-இல் விடுதலை பெற்ற அந்நாட்டிற்கு 1977 வரை படையே இல்லை. அதன் ஊடே ஓடிய இருப்புப்பாதையும் ரொடீசிய நிறுவனத்தின் கையில் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் மீது தடை விதிக்கவேண்டும் என்னும் கூட்டறிக்கையில் அது எங்ஙனம் ஒப்பமிடும்? ‘எம்மால் தடைவிதிக்க இயலாது, விதிப்போர்க்கு யாம் இடையூறாயும் இரோம்’ என்பதே அதன் நிலை. கூட்டம் அந்நிலையை இழிவாகக் கருதவில்லை. ஒவ்வொருவரும் இயன்ற அளவு சுமக்கட்டும் என்ற இந்த நெகிழ்ச்சியே கூட்டம் உடையாமல் நின்றதற்குக் காரணமென நாம் கருதுகிறோம்.

ஜாம்பியா 1973 ஜனவரியில் ரொடீசிய அரசு மூடிய எல்லையை, அது திறந்த பின்னரும் திறக்க மறுத்தது. அதன் செம்பு கடலை அடைய வேறு வழி தேட வேண்டியதாயிற்று. சீனாவின் வட்டியில்லாக் கடனில் தார் எஸ் சலாம் வரை 1,860 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப்பாதை போடப்பட்டது. ஆயினும் 1978 அக்டோபரில், உழவுக்கு உரம் இறக்குமதி செய்யவேண்டிய நெருக்கடியில், காவுண்டா தெற்கு வழியைத் திறந்தார். மொசாம்பிக் 1976 மார்ச் 3-இல் ரொடீசிய எல்லையை மூடியது. அதற்குக் கிடைத்த கைம்மாறு, ரொடீசிய உளவுத்துறையால் உருவாக்கப்பட்டுப் பின்னர்த் தென்னாப்பிரிக்கப் படையால் வளர்க்கப்பட்ட ரெனாமோ என்னும் கலகப் படை. 1992 வரை நீண்ட அப்போரிலும் அதன் வழிவந்த பஞ்சத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டதாகக் கணிக்கப்படுகிறது. 1984 மார்ச் 16-இல் சமோரா மஷேல் ங்கோமாட்டி ஆற்றங்கரையில் பி. டபிள்யூ. போத்தாவுடன் உடன்படிக்கை செய்து, காங்கிரஸ் வீரர்க்குத் தன் நாட்டில் இடமில்லை என்றார். நண்பர்கள் வருந்தினர். ஆனால் மொசாம்பிக்கைக் கூட்டத்தினின்று தள்ளவில்லை; பட்டினியால் வாடியவனை யார் பழிப்பது?

1982 டிசம்பர் 9-இல் லெசோத்தோவின் தலைநகரில் தென்னாப்பிரிக்கப் படை புகுந்து 42 பேரைக் கொன்றது. 1985 ஜூன் 14-இல் போட்ஸ்வானாவின் கபரோனேயில் 12 பேர் கொல்லப்பட்டனர். 1986 மே 19-இல், காமன்வெல்த் அமைப்பின் சான்றோர் குழு தென்னாப்பிரிக்காவில் சமரசம் பேசிக்கொண்டிருந்த அந்நாளிலேயே, ஹராரே, கபரோனே, லுசாக்கா ஆகிய மூன்று தலைநகரங்களும் தாக்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 19-இல், ஜாம்பியாவில் அண்டை நாட்டுத் தலைவர்களைச் சந்தித்துத் திரும்புகையில், மஷேல் விமான விபத்தில் இறந்தார்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். இக்கூட்டம் பகைவரை மட்டும் நெருக்கவில்லை. தான் ஆதரித்தவர்களையும் நெருக்கியது. 1979-இல் இலண்டன் லங்காஸ்டர் மாளிகையில் ரொடீசியப் பேச்சு முறியும் நிலைக்கு வந்தபோது, விடுதலைப் படையினரை மேசையை விட்டு எழவிடாமல் இருத்தியவர்களுள் மஷேலும் ஒருவர். இருபுறமும் சொல் செல்லும் என்பதாலேயே அக்குரலை இலண்டனும் வாஷிங்டனும் மதித்தன.

ஹராரே, 1989

1988 டிசம்பர் 22-இல் நியூயார்க்கில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்றும் ஒப்பமிட்ட உடன்படிக்கையால் நமீபியாவின் விடுதலைக்கு வழி பிறந்தது. வரவேற்கத்தக்க நிகழ்ச்சியே. ஆயின் நமீபிய மக்களின் இயக்கமாகிய ஸ்வாப்போ அம்மேசையில் இல்லை. இவ்வேற்பாட்டின் விளைவாக ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தன் முகாம்களை அங்கோலாவினின்று அகற்றவேண்டியதாயிற்று. அடுத்து எங்கள் நாட்டின் முறை. எங்களையும் வெளியே நிறுத்திப் பிறர் திட்டம் தீட்டிவிடுவர் என்ற அச்சம் லுசாக்காவில் அகதியாயிருந்த அதன் தலைவர் ஆலிவர் டாம்போவைப் பற்றிக்கொண்டது. இருபது ஆண்டுகளுக்கு முந்திய நினைவும் அவருக்கு இல்லாமலிராது.

ஆகவே இம்முறை வரைவு அவர்கள் கையால் எழுதப்பட்டது. டாம்போவின் வழிகாட்டுதலில் சிறு குழுவொன்று அதனை உருவாக்கியது. நாட்டினுள் போராடிய மக்கள் இயக்கத்தாரின் கருத்தும் கேட்கப்பட்டது. பின்னர் காவுண்டா அளித்த விமானத்தில், எழுபத்திரண்டு வயதை எட்டவிருந்த டாம்போ போர்முனை நாடுகளின் தலைநகரங்களுக்கு நேரில் சென்று, ஒவ்வொரு தலைவரிடமும் வாசகத்தைக் காட்டினார். அதிபர் பதவியை விட்டிருந்த நியரேரேயும் அதைப் படித்துத் திருத்தம் சொன்னார். அரசுகள் எழுதியதை இயக்கம் ஏற்கும் முறை மாறி, இயக்கம் எழுதியதை அரசுகள் திருத்தி ஏற்கும் முறை வந்தது. இப்பயணங்களின் களைப்போடு லுசாக்கா திரும்பிய டாம்போவை ஆகஸ்டில் பக்கவாதம் தாக்கியது. ஆகஸ்ட் 21-ஆம் நாள் ஹராரேயில் ஒற்றுமை நிறுவனத்தின் தென்னாப்பிரிக்கத் தனிக்குழு வரைவை ஏற்றபோது அவர் இலண்டனில் மருத்துவமனையில் இருந்தார்.

ஹராரே அறிக்கை லுசாக்கா அறிக்கையின் சொற்றொடரை நினைவூட்டி, பேசித் தீர்க்கும் விருப்பம் ஆப்பிரிக்காவிற்கு என்றும் உண்டு எனத் தொடங்குகிறது. ஆயின் விருப்பத்தோடு நிற்கவில்லை. அனைவர்க்கும் சமமான ஒரே வாக்காளர் பட்டியலோடு கூடிய, இனவேறுபாடற்ற ஒன்றுபட்ட குடியாட்சி என்று முடிவின் வடிவத்தைக் கூறியது. பேச்சுத் தொடங்குமுன் அரசு செய்யவேண்டுவன எவை எனப் பெயரிட்டது: அரசியல் கைதிகளை நிபந்தனையின்றி விடுவித்தல், இயக்கங்களின் மீதான தடையை நீக்குதல், சேரிகளினின்று படைகளைத் திரும்பப் பெறுதல், நெருக்கடி நிலையை முடித்தல், அரசியல் காரணத்திற்கான தூக்குத் தண்டனைகளை நிறுத்துதல். இவை நிறைவேறிய பின் இரு சாராரும் போரை நிறுத்துவதும், புதிய அரசியலமைப்பை வகுப்பதும், இடைக்கால ஆட்சியும் எனப் படிகள் வரிசைப்படுத்தப்பட்டன. மறுப்பவர் இப்போது எதை மறுக்கிறார் என்று சொல்லியாக வேண்டும்.

செப்டம்பரில் பெல்கிரேடில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு இதனை ஏற்றது. டிசம்பர் 12 முதல் 14 வரை பொதுப்பேரவையின் பதினாறாம் சிறப்பு அமர்வு. தலைமையில் நைஜீரியாவின் ஜோசப் கார்பா. மேலை நாடுகளின் இசைவைப் பெற ஆப்பிரிக்கக் குழு சிலவற்றை விட்டுக்கொடுத்தது. புதிய தடைகள் கோரும் வாசகம் இல்லை. நடப்பிலுள்ள நடவடிக்கைகளை, ஆழமான, மீள முடியாத மாற்றங்களுக்குத் தெளிவான சான்று கிடைக்கும்வரை தளர்த்தலாகாது என்ற வாசகமே நின்றது. குழுவிலேயே சிலருக்கு இது குறையாகப் பட்டிருக்கலாம். ஆயினும் அரசு செய்யவேண்டிய முன்செயல்களின் பட்டியலும் முடிவின் வடிவமும் பெரும்பாலும் ஹராரேயில் இருந்தவாறே தப்பி வந்தன. குடியேற்ற நாடுகளுக்கு விடுதலை வழங்கக் கோரும் புகழ்பெற்ற அறிக்கையைப் பேரவை 1960-இல் ஏற்றதும் இதே டிசம்பர் 14-ஆம் நாளில்தான். 1990 பிப்ரவரியில் டி கிளர்க் அறிவித்தவற்றை அப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்போர், எவை நிறைவேறின, எவை இன்னும் கேட்கப்படவேண்டும் என்று வரிவரியாகச் சரிபார்க்க முடிந்தது.

1994 ஜூன் 23-ஆம் நாள், இருபது ஆண்டுகள் வெறுமையாயிருந்த தென்னாப்பிரிக்காவின் இருக்கையில் அந்நாட்டின் தூதுக்குழு மீண்டும் அமர்ந்தது. போர்முனை நாடுகளின் கூட்டமும், தார் எஸ் சலாமிலிருந்த விடுதலைக் குழுவும் அவ்வாண்டே கலைக்கப்பட்டன. டாம்போ அதனைக் காணவில்லை; 1993 ஏப்ரலில் மறைந்திருந்தார்.

பொது எதிரி மறைந்தபின் பொதுக்குரல் எளிதாயிற்று என்று சொல்வதற்கில்லை. 2011 மார்ச் 10-இல், ஒற்றுமை நிறுவனத்தின் வழிவந்த ஆப்பிரிக்க ஒன்றியம், லிபியாவில் அந்நியப் படைத் தலையீடு எதுவும் கூடாதென அறிவித்துச் சமரசக் குழுவொன்றை அமைத்தது. ஒரு வாரத்தில், படை நடவடிக்கைக்கு இடமளித்த தீர்மானம் பாதுகாப்பு மன்றத்தில் வாக்கிற்கு வந்தபோது, அங்கு அமர்ந்திருந்த மூன்று ஆப்பிரிக்க நாடுகளும் அதனை ஆதரித்தே வாக்களித்தன. அம்மூன்றும் நைஜீரியா, காபோன், தென்னாப்பிரிக்கா. சமரசக் குழு திரிப்போலி செல்லவிருந்த நாளில் அதன் விமானத்திற்கு அனுமதி கிடைக்கவில்லை. வானில் வேறு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன.